பதவியைத் துறப்பது அறமா?

பதவியில் இருந்து உழைத்தவருக்குக் கிடைக்காத மரியாதை, பதவியை உதறியவருக்கு இந்த நாட்டில் கிடைத்துவிடுகிறது. ஐந்தாண்டுகள் கோப்புகளோடு மல்லுக்கட்டிய அமைச்சரின் பெயரை அவருடைய தொகுதிக்காரர்களே மறந்துவிடுவார்கள். ஒரு மாலையில் கடிதத்தை நீட்டிவிட்டு எழுந்து நடந்தவரின் பெயர் தலைமுறை கடந்தும் நிற்கும். இந்த மரியாதைக்கு நீண்ட வேர் உண்டு. அரண்மனையை விட்டுப் போன சித்தார்த்தன், வென்ற நாட்டை அண்ணனிடமே விட்டுவிட்டுத் தவத்தில் நின்ற பாகுபலி, அண்ணன் அரசாளட்டும் என்று காவி உடுத்ததாகச் சொல்லப்படும் இளங்கோ என்று, ஆள்வதைவிட ஆளாமல் விடுவதே உயர்ந்தது என நமக்குச் சொல்லிவந்த கதைகள் பல. பௌத்தம், சமணம், வைதிகம் மூன்றும் பலவற்றில் மோதிக்கொண்டாலும் இதில் ஒத்துப்போகின்றன. ஆனால் அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் துறப்பவன் துறக்கும் பொருள் அவனுடையது. அரசு அவன் பிறப்புரிமை, அல்லது அவன் வாளால் வென்றது. வாக்குச்சீட்டால் வந்த பதவி அப்படிப்பட்டதா? அப்படியில்லை என்றால் அதைத் துறப்பவருக்குத் துறவியின் மரியாதையைத் தருவது சரியா? தில்லி இந்தக் கேள்வியைப் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு முறை நம் முன் வைத்தது. இரண்டு முறையும் நாம் அதை அரசியல் தந்திரமா தியாகமா என்று மட்டும் விவாதித்தோம். இரண்டில் எதுவாக இருந்தாலும் அடியில் இருக்கும் அறக்கேள்வி அப்படியே கிடக்கிறது.

அந்தக் கேள்வியைத் தலைவரின் பக்கமிருந்து பார்த்தால் ஒன்றும் தெளியாது. தலைவருக்குத் துறவும் ஒரு முதலீடு. அவருக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவரின் பக்கமிருந்து பார்ப்போம். ராக்கி பிர்லா 1987-இல் பிறந்தவர். தலித் குடும்பத்துப் பெண். தொலைக்காட்சிச் செய்தியாளராக வேலை பார்த்தவர். அவர் நின்ற மங்கோல்புரி, 1970-களில் தில்லியின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை நகரின் வடமேற்கு ஓரத்தில் கொண்டுபோய் அமர்த்திய மறுகுடியமர்வுப் பகுதிகளில் ஒன்று, தனித்தொகுதி. 2013 டிசம்பரில் அங்கே அவர் தோற்கடித்தது ஷீலா தீட்சித் அரசில் அமைச்சராக இருந்த, அந்தத் தொகுதியைத் தொடர்ந்து கையில் வைத்திருந்த ராஜ்குமார் சௌஹானை. அவரை நிறுத்திய ஆம் ஆத்மி கட்சிக்கு அப்போது ஒரு வயதுதான். நாடெங்கும் பார்த்தால் அது மிகச் சிறிய கட்சி. தில்லிக்கு வெளியே அதற்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூடக் கிடையாது. 70 இடங்களில் 28-ஐ அது வென்றது. பாரதிய ஜனதா கூட்டணிக்கு 32. எட்டு இடங்களோடு சுருங்கிப்போன காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தர, டிசம்பர் 28 அன்று ராம்லீலா மைதானத்தில் கட்சித் தலைவர் அர்விந்த் கேஜ்ரிவால் முதலமைச்சராகப் பதவியேற்றார். அன்று அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் ராக்கி பிர்லா. பெண்கள், குழந்தைகள் நலத் துறை அவரிடம். வயது 26.

ஒரு தில்லி அமைச்சரின் கையில் என்ன இருக்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் பலரும் அறிவதில்லை. 1991-இல் செய்யப்பட்ட 69-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தில்லிக்குச் சட்டமன்றத்தைக் கொடுத்தது. ஆனால் காவல், பொது ஒழுங்கு, நிலம் மூன்றையும் மத்திய அரசிடமே விட்டுவைத்தது. பெண்கள் நலத்துக்கு அமைச்சர் உண்டு. ஒரு பெண்ணை எரித்தவனைக் கைது செய்யச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. இந்த முரண்பாடு பதவியேற்ற சில வாரங்களிலேயே வெடித்தது. சாகர்பூரில் வரதட்சணைக் கொடுமையில் ஒரு பெண் எரிக்கப்பட்ட வழக்கில் காவல்துறை அசையவில்லை என்று ராக்கி பிர்லா அங்கே போய் நின்று குற்றம் சாட்டினார். இதுவும், இன்னோர் அமைச்சர் சோம்நாத் பாரதி நள்ளிரவில் கிர்க்கி பகுதிக்குப் போய்க் காவல்துறையோடு மோதிய விவகாரமும் சேர்ந்து, ஜனவரி 20, 21 தேதிகளில் ஒரு முதலமைச்சர் ரயில் பவன் அருகே குளிரில் சாலையில் படுத்துப் போராடும் காட்சியில் முடிந்தன. இதற்கிடையில், தன் கார்க் கண்ணாடியை யாரோ தாக்கி உடைத்துவிட்டார்கள் என்று ராக்கி பிர்லா புகார் கொடுத்ததும், அது தெருவில் விளையாடிய சிறுவனின் பந்து என்று செய்தி வந்ததும், பத்திரிகைகள் அதை வைத்து ஒரு வாரம் சிரித்ததும் நடந்தன. இருபத்தாறு வயதில் அதிகாரத்துக்கு வந்த ஒருவரின் முதல் வாரங்கள் இப்படித்தான் இருக்கும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14-ஆம் தேதி ஜன்லோக்பால் மசோதாவைச் சட்டமன்றத்தில் தாக்கல் செய்வதையே 42 உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் 27 பேர். மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் தாக்கல் செய்யக்கூடாது என்பது துணைநிலை ஆளுநரின் நிலை. அன்று மாலையே கேஜ்ரிவால் பதவி விலகினார். 49 நாட்கள். ஊழலை ஒழிக்கும் சட்டத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் நாற்காலியைத் தியாகம் செய்யலாம் என்ற பொருளில் அவர் பேசினார். பேச்சில் இருந்த சமயச்சாயல் தற்செயலானது அல்ல. காந்திக் குல்லாய், உண்ணாவிரதம், வெறும் மஃப்ளர் என்று அந்த இயக்கம் ஆரம்பத்திலிருந்தே துறவின் மொழியில்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. ஆகவே அந்த மொழியின் மூல நூல் ஒன்றையே அளவுகோலாக எடுத்துக்கொள்வது நியாயம்.

கீதை தொடங்குவதே ராஜினாமாவில்தான் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அர்ஜுனன் வில்லைக் கீழே போடுகிறான். அவன் சொல்லும் காரணங்கள் அற்பமானவை அல்ல. எதிரே நிற்பவர்கள் குருமார்கள், உறவினர்கள். வெற்றியின் பலன் ரத்தத்தில் நனைந்தது. அதைவிடப் பிச்சை எடுத்து உண்பது மேல் என்கிறான். அதாவது அவன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள விரும்புகிறான். மீதி நூல் முழுவதும் அந்த ராஜினாமா ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்கான விளக்கம். பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. செய்ய வேண்டிய செயலை மயக்கத்தால் விடுவது கடைசித் தரம். தொல்லைக்கு அஞ்சி விடுவது நடுத்தரம். செயலைச் செய்துகொண்டே அதன் பலன்மீதான பற்றை விடுவதே உயர்ந்தது. இந்த அளவுகோலில் பிப்ரவரி 14 எங்கே நிற்கிறது? செயல் விடப்பட்டது. பலனோ விடப்படவில்லை. சில வாரங்களில் மக்களவைத் தேர்தல் வந்தது. கேஜ்ரிவால் வாரணாசியில் நரேந்திர மோடியை எதிர்த்து நின்றார். கட்சி நானூறுக்கு மேற்பட்ட தொகுதிகளில் ஆட்களை நிறுத்தியது. ராக்கி பிர்லா வடமேற்கு தில்லியில் நிறுத்தப்பட்டார். சிறிய நாற்காலியை விட்டது பெரிய நாற்காலிக்கு எட்டுவதற்காக என்று அன்று எதிர்க்கட்சிகள் சொன்னதைக் கட்சிக்காரர்கள் வசை என்று தள்ளினார்கள். அவர்கள் மேற்கோளாக வைத்துக்கொள்ளும் மரபே அதைத்தான் சொல்லியிருக்கும்.

ஆனால் கீதையோடு நான் முழுதாக நின்றுவிட முடியாது. காரணம், அது பலனைப் பற்றிப் பேசும்போது பலன் செய்பவனுக்கு வந்து சேரும் ஒன்றாகவே பேசுகிறது. வெற்றி, புகழ், சொர்க்கம், பாவம், புண்ணியம் எல்லாம் அர்ஜுனனின் கணக்கில் வரவாகின்றவை. மக்களாட்சியில் அமைச்சரின் செயலுக்குப் பலன் வேறு வீடுகளில் விளைகிறது. அந்த 49 நாள் அரசு, மீட்டர் வைத்த வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை குடிநீர் இலவசம் என்று அறிவித்தது. 400 யூனிட் வரை மின் கட்டணத்தைப் பாதியாக்கியது. மின் விநியோக நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்ய உத்தரவிட்டது. குளிர்காலத்தில் வீடற்றவர்களுக்கு இரவுத் தங்குமிடங்களைக் கூட்டியது. நீர், மின்சாரச் சலுகைகள் அந்த நிதியாண்டின் இறுதி வரைக்குமே. தொடர்ந்து நீட்டிக்க ஆள் இல்லை. ஏறத்தாழ ஓராண்டு தில்லியில் குடியரசுத் தலைவர் ஆட்சி. இந்தப் பலன்கள்மீது கேஜ்ரிவாலுக்குப் பற்று இருந்ததா இல்லையா என்பது மங்கோல்புரியில் குழாயடியில் நிற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஆன்மிகச் செய்தி. என் வாதம் இதுதான்: ஒருவர் துறக்க முடிவது தன்னுடையதை மட்டுமே. தன் சம்பளத்தைத் துறக்கலாம், பங்களாவைத் துறக்கலாம், சிவப்பு விளக்குக் காரைத் துறக்கலாம். அவை அவருக்குத் தரப்பட்டவை. ஆட்சி அவருக்குத் தரப்பட்டது அல்ல, அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறர் பண்டாரத்துச் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு, பொன்மேல் எனக்கு ஆசை இல்லை என்று சொல்லிக்கொள்வது துறவாகாது.

வள்ளுவர் இந்த வேறுபாட்டைத் தம் நூலின் கட்டமைப்பிலேயே செய்துவைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. துறவு, அவாவறுத்தல் என்னும் அதிகாரங்கள் அறத்துப்பாலில் துறவறவியலில் இருக்கின்றன. அமைச்சு பொருட்பாலில் வருகிறது. அமைச்சனுக்கு அவர் துறவைச் சொல்லவில்லை. வினைத்தூய்மையைச் சொல்கிறார், உடனே அடுத்த அதிகாரத்தில் வினைத்திட்பத்தைச் சொல்கிறார், அதற்கு அடுத்து வினைசெயல்வகையை. செயல் சுத்தமாக இருக்க வேண்டும். அது உறுதியோடு முடிக்கப்படவும் வேண்டும். முடிக்கும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றில் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டவனை அவர் அமைச்சன் என்று ஏற்பாரா என்பது சந்தேகம். உரையாசிரியர்கள் இதை வேறு விதமாகப் படிக்கக்கூடும். ஆனால் அறத்துப்பாலில் துறவிக்குச் சொன்னதை எடுத்துப் பொருட்பாலில் அமைச்சனுக்கு மாட்டிவிடும் குழப்பம் வள்ளுவரிடம் இல்லை. நம் செய்தித்தாள் தலையங்கங்களில் இருக்கிறது.

இதே குழப்பத்தை ஒரு ஜெர்மானியரும் தொட்டிருக்கிறார். 1919 ஜனவரி 28 அன்று மியூனிக் நகரில் மாணவர்கள் முன் மாக்ஸ் வெபர் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். கொள்கையின் தூய்மையே போதும், விளைவைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கும் அறம் ஒன்று. விளைவுக்கு நானே பொறுப்பு என்று ஏற்கும் அறம் இன்னொன்று என்று அவர் பிரித்தார். அந்த உரையில் கீதையும் வருகிறது, கௌடில்யரும் வருகிறார். ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி தர்மம் வகுத்த இந்திய மரபு, ஆள்பவனின் அறத்தைத் துறவியின் அறத்தோடு போட்டுக் குழப்பாமல் தனியே சிந்திக்க முடிந்தது என்பது அவர் கவனித்தது. சுவாரசியம் என்னவென்றால், அவர் பேசிய அதே நகரில், அதே வாரங்களில், இந்தக் கட்டுரையின் கேள்விக்கு ஒரு விடை ரத்தத்தில் எழுதப்பட்டது. பவேரிய மாநிலத்தின் ஆட்சித் தலைவராக அப்போது இருந்தவர் கர்ட் ஐஸ்னர். சுதந்திர சமூக ஜனநாயகக் கட்சி என்னும் சிறு கட்சிக்காரர். புரட்சியின் அலையில் பதவிக்கு வந்த லட்சியவாதி. ஜனவரித் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை மூன்றே இடங்கள். பிப்ரவரி 21 அன்று பதவி விலகலை அறிவிக்க அவர் சட்டமன்றத்துக்கு நடந்து போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். லட்சியவாதி என்று வெபர் போன்றவர்கள் குறைத்து மதிப்பிட்ட அந்த மனிதர் தம் கடைசிக் காலையில் செய்யப் போன காரியம் சரியான ராஜினாமா. மக்கள் திரும்பக் கேட்டார்கள். அவர் திருப்பிக் கொடுக்கப் போனார். கேட்டவருக்குத் திருப்பிக் கொடுப்பதும், கேட்காதபோது போட்டுவிட்டுப் போவதும் வெளித்தோற்றத்தில் ஒரே கடிதம்தான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வரலாற்றிலிருந்து வரும்: அம்பேத்கரும் ராஜினாமா செய்தார், லால் பகதூர் சாஸ்திரியும் செய்தார், காமராஜரும் செய்தார், அவர்களையும் குறை சொல்வீர்களா? இல்லை, அவர்கள் மூவரும் என் வாதத்துக்கே துணை நிற்கிறார்கள். 1956 நவம்பரில் அரியலூர் அருகே ரயில் ஆற்றில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். அவர் துறந்தது தம் பெயருக்கு நேர்ந்த களங்கத்தை அல்ல. பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். ரயில்வே துறை மறுநாள் வேறொருவர் கையில் ஓடியது. 1963 அக்டோபர் 2 அன்று காமராஜர் சென்னையின் முதலமைச்சர் பதவியை விட்டபோது பக்தவத்சலம் அந்த இடத்துக்கு வந்தார்; மதிய உணவு ஒரு நாள்கூட நிற்கவில்லை. (அந்தத் தியாகத்தால் கட்சி பிழைத்ததா என்பது வேறு விஷயம். 1967-இல் விருதுநகரில் காமராஜரையே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் தோற்கடித்தார்.) இந்த இருவரும் விட்டது தங்கள் பங்கை. வேலை தொடர்ந்தது.

அம்பேத்கரின் ராஜினாமா இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது; அது நம் கதைக்கு மிக அருகில் இருக்கிறது. அவரும் ஒரு சிறு கட்சிக்காரர். 1942-இல் அவர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு நேருவின் அமைச்சரவையில் காங்கிரஸின் பலம் எதுவும் கிடையாது. நான்கு ஆண்டுகள் சட்ட அமைச்சராக இருந்தார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை வரியாக வரியாக நாடாளுமன்றத்தில் தள்ளிப் பார்த்தார். அது கைவிடப்பட்ட பிறகு, 1951 செப்டம்பரில் விலகினார். எல்லா வழிகளையும் முட்டிப் பார்த்த பின் வந்த முடிவு அது. விலகியது ஓர் அமைச்சர், கவிழ்ந்தது அரசு அல்ல. சில மாதங்களில் வந்த தேர்தலில் வடக்கு பம்பாயில் அவர் தோற்றார். யாரும் அவரைத் துறவி என்று கொண்டாடவில்லை. துறவு என்ற சொல்லே அவருக்குப் பொருந்தாது. கீதையைப் பற்றி அவர் எழுதியவை நமக்குத் தெரியும். பௌத்தத்தின் புரட்சிக்கு எதிராக எழுந்த கோட்பாடுகளுக்குத் தத்துவ நியாயம் தேடிக்கொடுத்த நூல் என்று அதை அவர் பார்த்தார். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்ற போதனை, கடமை பிறப்பால் விதிக்கப்பட்ட சமூகத்தில் யாரிடம் போய் என்ன சொல்கிறது என்று யோசித்தால் அவர் கோபம் புரியும். ஆம் ஆத்மி கட்சியின் சின்னம் துடைப்பம். கேஜ்ரிவால் கையில் அது உருவகம். தில்லியின் தெருக்களில் அது யார் கையில், எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்பதை எல்லோரும் அறிவார்கள்.

துறவுக்கு முன்நிபந்தனை உடைமை. இதை நம் தத்துவ நூல்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அவற்றின் கதைகள் சொல்கின்றன. அரசகுமாரன் துறந்தால் காவியம். வீட்டு வேலைக்காரன் வேலையை விட்டால் அது துறவு ஆகாது, பட்டினி ஆகும். வருமான வரித் துறையின் உயர் வேலையை விட்டு வந்த கேஜ்ரிவாலுக்கு முதலமைச்சர் நாற்காலியை விட்ட பிறகும் போவதற்கு இடம் இருந்தது; வாரணாசி இருந்தது; நாடு இருந்தது. மங்கோல்புரியிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு முதல் முறையாக ஒரு இருபத்தாறு வயதுப் பெண் போய் உட்கார்ந்த நாற்காலி, அவள் தலைமுறைக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. அதைத் துறக்கும் முடிவு அவளுடையது அல்ல, தலைவருடையது. ஆனால் துறவு அவள் பெயரிலும் எழுதப்பட்டது. மே மாதம் வடமேற்கு தில்லியில் அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். வென்றவர் உதித் ராஜ். சில மாதங்களுக்கு முன்புதான் தம் சொந்தச் சிறு கட்சியைக் கலைத்துப் பாரதிய ஜனதாவில் சேர்ந்திருந்தார். 2019-இல் அங்கே மறுபடி வாய்ப்புக் கிடைக்காதபோது காங்கிரஸுக்குப் போனார். சிறு கட்சித் தலித் அரசியல்வாதிக்கு இந்த நாட்டில் இருக்கும் இரண்டு பாதைகளும் அந்த ஒரே தொகுதியில் எதிரெதிரே நின்றன என்று சொல்லலாம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. 2015 பிப்ரவரியில் தில்லி மக்கள் அந்தக் கட்சிக்கு 70-இல் 67 இடங்களைக் கொடுத்தார்கள். பதவியைத் துறந்தது தவறு என்றால் மக்கள் ஏன் இப்படிப் பரிசளித்தார்கள்? மக்கள் பரிசளித்தது எதற்கு என்று பார்க்க வேண்டும். கேஜ்ரிவால் இடைப்பட்ட காலத்தில் ராஜினாமாவுக்காக மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2015 பிரசாரத்தின் முழக்கம் ‘ஐந்தாண்டு கேஜ்ரிவால்’. அதாவது இனி எழுந்து போகமாட்டேன் என்பதுதான் அவர் விற்ற சரக்கு; அதைத்தான் மக்கள் வாங்கினார்கள். துறவை மெச்சிய வாக்காக அதைப் படிக்க முடியாது. குழாயையும் மின் ரசீதையும் விட்டுவிட்டுப் போனவரிடம் மக்கள் கோபித்துக்கொண்டார்கள், பிறகு வாக்குறுதி வாங்கிக்கொண்டு மன்னித்தார்கள். சாதாரண வாக்காளருக்கு இந்த அறக்கேள்வியில் நம் பண்டிதர்களைவிடத் தெளிவு இருந்தது.

மூன்றாவதாக ஒருவர் கேட்கலாம்: பெரும்பான்மை இல்லாத அரசு, காங்கிரஸ் எந்த நாளும் காலை வாரும், சட்டமன்றமே மசோதாவைத் தடுத்துவிட்டது, அவர் சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்தத்தானே பரிந்துரைத்தார்? ஐஸ்னரைப் போல மக்களிடமே திருப்பிக் கொடுத்தார் அல்லவா? பாதி உண்மை. தேர்தல் உடனே வராமல் ஓராண்டு இழுத்ததற்கு அவர் பொறுப்பல்ல. ஆனால் மக்கள் தீர்ப்பு வந்து பத்து வாரம்தான் ஆகியிருந்தது. 28 இடம் என்பதே ஒரு தீர்ப்பு. பிறரோடு பேசி, விட்டுக்கொடுத்து, கிடைத்ததைச் செய் என்பது அதன் பொருள். ஜனவரி 2-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் 37 பேர் அந்த அரசை ஆதரித்திருந்தார்கள். ஒரு மசோதா தோற்றதால் அந்த நம்பிக்கை ரத்தாகிவிடவில்லை. மசோதா தோற்றால் திருத்திக் கொண்டுவரலாம். அனுமதி கேட்டு எழுதலாம். மறுத்தால் மறுப்பை மக்கள்முன் வைக்கலாம். இவை எல்லாம் அலுப்பூட்டும் வேலைகள். அவற்றில் தியாகத்தின் ஒளி கிடையாது. பதவியில் ஒட்டிக்கொள்வதுதானே இந்திய அரசியலின் பெரிய நோய், விட்டுப் போவதையா குறை சொல்வது என்றும் கேட்கலாம். நோய் பெரியதுதான். ஆனால் ஒட்டிக்கொள்பவரும் உதறிவிட்டுப் போகிறவரும் ஒரே எண்ணத்தில்தான் நிற்கிறார்கள்: நாற்காலி தன்னுடையது, வைத்துக்கொள்வதோ விடுவதோ தன் விருப்பம்.

பத்தாண்டு கழித்து இதே காட்சி மறுபடி அரங்கேறியபோது அதன் சமயச்சாயல் ஒளிவுமறைவு இல்லாமல் வெளியே வந்தது. மதுபானக் கொள்கை வழக்கில் சிறையிலிருந்து ஜாமீனில் வந்த கேஜ்ரிவால் 2024 செப்டம்பரில் பதவி விலகினார். மக்கள் நேர்மைச் சான்று தந்த பிறகே திரும்புவேன் என்றார். தேர்தலை அக்கினிப் பரீட்சை என்றார். அவர் இடத்துக்கு வந்த ஆதிஷி, முதலமைச்சர் அறையில் கேஜ்ரிவாலின் நாற்காலியைக் காலியாக விட்டு, பக்கத்தில் வேறு நாற்காலி போட்டு அமர்ந்தார். ராமனின் பாதுகையை வைத்துப் பரதன் ஆண்டதுபோலத் தானும் ஆள்வதாகச் சொன்னார். பரதனின் துறவு நம் மரபில் மிக அழகான துறவு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாட்டைக் கையில் வைத்திருந்தும் அது தன்னுடையது இல்லை என்று பதினான்கு ஆண்டுகள் ஒரு கணமும் மறக்காதவன். என் வாதத்துக்கு அவனைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. ஆனால் அயோத்தியில் உரிமையாளன் ராமன். தில்லியில் உரிமையாளர் யார்? அந்தக் காலி நாற்காலி வாக்காளருக்காக விடப்பட்டிருந்தால் அது மிகச் சிறந்த அரசியல் தத்துவமாக இருந்திருக்கும். அது கட்சித் தலைவருக்காக விடப்பட்டது. சட்டமன்றத்துக்குப் பொறுப்பான ஒரு முதலமைச்சர், படித்தவர், கல்வித் துறையில் உழைத்துப் பெயர் வாங்கியவர், தாம் ஏற்ற பதவி இன்னொரு தனிமனிதரின் சொத்து என்று முதல் நாளே அறிவித்தார். துறவின் மொழி அரசியலுக்குள் வந்தால் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டாம்: துறந்தவரே உடைமையாளராகிறார்.

2025 பிப்ரவரியில் பாரதிய ஜனதா 48 இடங்களையும் ஆம் ஆத்மி 22 இடங்களையும் பெற்றன. கேட்ட சான்று கிடைக்கவில்லை. புதுதில்லித் தொகுதியில் கேஜ்ரிவாலே தோற்றார். ஆதிஷி கால்காஜியில் வென்றார். மங்கோல்புரியில் 2015-லும் 2020-லும் வென்றிருந்த ராக்கி பிர்லாவைக் கட்சி இந்த முறை மாதிபூருக்கு மாற்றி நிறுத்தியது. அங்கே அவர் தோற்றார். மங்கோல்புரியில் வென்றவர், 2013-இல் அவரிடம் தோற்ற அதே ராஜ்குமார் சௌஹான். இப்போது பாரதிய ஜனதா வேட்பாளர்.

ராக்கி பிர்லா 2016-இலிருந்து சட்டமன்றத் துணைத் தலைவராக இருந்தார். அமைச்சர் பதவி அவருக்கு மறுபடி வரவே இல்லை. 67 இடங்களோடு 2015-இல் அமைந்த அமைச்சரவையில் ஒரு பெண்கூட இல்லை. 2020-இல் அமைந்ததிலும் இல்லை. 2014 பிப்ரவரி 14-க்குப் பிறகு ஆம் ஆத்மி ஆட்சியில் தில்லிக்கு ஒரு பெண் அமைச்சர் கிடைத்தது 2023 மார்ச்சில், ஆதிஷி பதவியேற்றபோது.